எழுத்தாளனைச் சிறைவைத்த இரசிகை

(வானொலி இலக்கிய உரை வரிசையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய உரை என்று அறிவித்துவிட்டு இவர் சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது ஒரு திரைப்படம்தான். ஆனால் அந்தப் படத்தின் நாயகன் ஓர் எழுத்தாளன். அவனைத் துன்புறுத்துபவள் அவனுடைய எழுத்தை உயிராக நேசிக்கும் ஒரு பெண். எழுதுபவனுக்கும் இரசிப்பவருக்கும் இடையிலுள்ள உறவு பற்றிய கதை அது. எனவே இந்த மேடையிலே அதைப் பேசுவது பொருத்தமானது என்றே கருதுகிறேன்.

படத்தின் பெயர் 'ஜூலி கணபதி'. 2003ஆம் ஆண்டு வெளிவந்தது. இயக்கியவர் பாலு மகேந்திரா. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1987இல் எழுதிய 'மிசரி' என்ற நாவலின் தழுவல் அது. அந்த நாவல் 1990இல் ஹொலிவூட்டிலும் படமாகி, அதில் நடித்த கேத்தி பேட்ஸ் என்ற நடிகைக்கு ஒஸ்கார் விருதைப் பெற்றுக்கொடுத்தது.

பாலு மகேந்திராவை எங்கள் பகுதி மக்கள் தூரத்து மனிதராக நினைப்பதில்லை. 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியிலே பிறந்தவர் அவர். நான் பெரியகல்லாற்றுக்காரன். அமிர்தகழி வாவியின் வடக்கே இருக்கிறது. எங்கள் ஊர் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவிலே கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. தண்ணீர் ஒன்றுதான். அவர் 1966இல் புனே திரைப்படக் கல்லூரிக்குச் சென்று ஒளிப்பதிவு பயின்றார். 2014இல் சென்னையிலே காலமானார். கடைசிவரை தமிழ்ச் சினிமாவின் ஒளியை அளந்து பார்த்துப் பயன்படுத்திய கலைஞர் என்று அவரைச் சொல்லலாம்.

'ஜூலி கணபதி'க்கு வருமுன் அவருடைய இன்னொரு படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1980ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த 'மூடுபனி'. இளையராஜாவின் நூறாவது படம் என்ற பெருமையும் அதற்கு உண்டு. ராஜேந்திரகுமார் எழுதிய 'இதுவும் ஒரு விடுதலைதான்' என்ற நாவலை ஓரளவு தழுவியது.

எண்பதுகளிலே எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு காசு சேர்த்து டெக்கும் ரெலிவிஷனும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். முற்றத்திலே பாய் விரித்து, பிள்ளைகள் முன்னாலும் பெரியவர்கள் பின்னாலுமாக இருந்து பார்ப்போம். அப்படித்தான் நான் 'மூடுபனி'யைப் பார்த்தேன். சந்துரு என்ற பணக்கார இளைஞன். பிரதாப் போத்தன் நடித்தார். சிறுவயதிலே தகப்பன் விலைமாதரிடம் போய்வந்து தாயை அடித்து வதைப்பதைக் கண்டு வளர்ந்தவன். தாய் இறந்துபோகிறாள். வளர்ந்தபின் விலைமாதரைக் கண்டால் அவனுக்கு மனம் கலங்குகிறது, கூட்டிப்போய்க் கொன்றுவிடுகிறான். பிறகு ரேகா என்ற பெண்ணின்மேல் ஆசை கொண்டு, அவளை ஊட்டிக்குக் கடத்திச் சென்று ஒரு வீட்டிலே வைத்திருக்கிறான்.

படம் முடிந்து பாயைச் சுருட்டும்போது எங்கள் பெத்தா பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "பாவம் மனே, தாய் அடி வாங்கிறதப் பாத்து வளந்த புள்ள. அதான் மூளை புரண்டிட்டு."

பக்கத்து வீட்டு மாமி சும்மா இருக்கவில்லை. "அப்ப செத்துப்போன அந்தப் புள்ளைகள்? அவளுகளுக்குத் தாய் இல்லையாகா?" என்று கேட்டார்.

பெத்தா பதில் சொல்லவில்லை. எனக்கு அப்போது இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது. இன்றுவரை அந்த இரண்டு குரலும் என்னை விட்டுப் போகவில்லை. இத்தகைய படம் எதைப் பார்த்தாலும், எந்த நாவலைப் படித்தாலும், பெத்தாவின் இரக்கமும் மாமியின் கேள்வியும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன.

நேயர்களே, மனநிலை பிறழ்ந்த ஒருவனைப் பற்றிய திகிற்படம் பெரும்பாலும் சிக்கனமாகவே எடுக்கப்படுகிறது. அதற்குப் போர்க்களமோ அரண்மனையோ தேவையில்லை. ஒரு வீடு, ஒரு கதவு, அதன் திறப்பு, உள்ளே இரண்டு பேர். இவ்வளவும் போதும். ஹிட்ச்கொக் 1960இல் 'சைக்கோ'வை எடுத்தபோது தனது தொலைக்காட்சிக் குழுவினரை வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில், சுமார் 8 லட்சம் டொலரிலே முடித்தார். அந்நாளைய ஹொலிவூட் கணக்கில் அது சிறிய தொகை. அதற்கு முந்திய ஆண்டு ரொஜர் கோர்மன் என்ற இயக்குநர் 'ஒரு வாளி இரத்தம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு படம் எடுத்தார். செலவு 50,000 டொலர். படப்பிடிப்பு நாட்கள் ஐந்து.

கோர்மனின் கதை நமது பொருளுக்கு நெருக்கமானது. ஒரு கோப்பிக் கடை. கலைஞர்களும் கவிஞர்களும் கூடுமிடம். அங்கே மேசை துடைக்கும் பையனுக்குத் தானும் சிற்பியாக வேண்டுமென்று ஆசை. கை வரவில்லை. ஒருநாள் தவறுதலாக ஒரு பூனையைக் கொன்றுவிடுகிறான். பயத்திலே அதன்மேல் களிமண்ணைப் பூசி மறைக்கிறான். அதைப் பார்த்தவர்கள் "என்ன அற்புதமான சிற்பம்!" என்கிறார்கள். அடுத்தது என்ன என்று கேட்கிறார்கள். அடுத்தது ஒரு மனிதன்.

இதை நகைச்சுவையாகவே எடுத்திருந்தார்கள். ஆனால் இரசிகரின் கைதட்டலும் ஒருவனைக் கெடுக்கலாம் என்ற செய்தி அதனுள் இருக்கிறது. கலைஞனின் மனம் தானாக மட்டும் பேதலிப்பதில்லை. சுற்றி நிற்பவர்களுக்கும் அதிலே பங்கு உண்டு.

இப்போது 'ஜூலி கணபதி'க்கு வருவோம். தொலைக்காட்சித் தொடர் எழுதிப் புகழ் பெற்ற ஓர் எழுத்தாளன் விபத்திலே சிக்குகிறான். ஜெயராம் அந்தப் பாத்திரத்தில் நடித்தார். அவனைக் காப்பாற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பராமரிக்கிறாள் ஜூலி. தனித்த வீட்டில் வாழும் அவள் அவனுடைய தொடரின் தீவிர இரசிகை. தொடங்கும்போது அவள் ஒரு தாயைப் போல இருக்கிறாள். உணவு ஊட்டுகிறாள், காயத்தைக் கவனிக்கிறாள். பின்னர், தான் நேசிக்கும் பாத்திரத்தின் கதியை அவன் எப்படி எழுதப்போகிறான் என்பது அவளுக்கு உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது. தன் விருப்பப்படி எழுது என்கிறாள். எழுந்து நடக்க முடியாதவன் கட்டிலிலே கிடக்கிறான். திறப்பு அவளிடம் இருக்கிறது.

ஜூலியாக நடித்தவர் சரிதா. கே. பாலசந்தரின் 'தப்புத்தாளங்கள்', 'தண்ணீர் தண்ணீர்' போன்ற படங்களில் நாம் கண்ட அதே சரிதா. பெரிய கண்களாலே அன்பையும் சினத்தையும் ஒரு நொடியில் மாற்றிக் காட்டும் ஆற்றல் அவருக்கு. அமெரிக்க மூலத்திலே கொலராடோ மலையின் பனிப்புயல் அந்த வீட்டை உலகத்திலிருந்து துண்டித்துவிடுகிறது. நம் நாட்டுப் படத்துக்குப் பனிப்புயலின் துணை கிடையாது. எனவே அச்சத்தின் பெரும்பாரம் சரிதாவின் முகத்தின்மேல் வந்து விழுகிறது. இயற்கை ஒளியை நம்பிப் படம் பிடிப்பவர் பாலு மகேந்திரா. சன்னல் வழி வரும் பகல் வெளிச்சமும், ஒரு நடிகையின் முகமும் இருந்தால் அவருக்கு வேலை நடக்கும். சிக்கனம் இங்கே குறைபாடாகத் தெரியாததற்கு அதுவே காரணம்.

ஸ்டீபன் கிங் தன் நாவலைப் பற்றிப் பின்னாளில் ஓர் உண்மையை வெளிப்படையாக எழுதினார். எழுத்துக்கலை பற்றி அவர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே அது இருக்கிறது. அந்தக் காலத்தில் அவர் குடிக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையாகியிருந்தாராம். எழுத்தாளனைக் கட்டிலோடு கட்டிப்போட்ட அந்தப் பெண் வேறு யாருமல்ல, தன்னைப் பிடித்திருந்த போதைதான் என்று பின்னால் உணர்ந்ததாகச் சொல்கிறார். அப்படியானால் அது வெளியிலிருந்து வந்த இரசிகையின் கதை மட்டுமல்ல. கலைஞனின் உள்ளே இருந்த ஒன்றின் கதையும்கூட.

ஆயினும் வெளியிலிருந்து வரும் கைகளும் இருக்கின்றன. இலக்கிய வரலாறு அதற்குச் சாட்சி. கொனன் டொயில் 1893இல் ஷெர்லொக் ஹோம்ஸை ஒரு கதையிலே சாகடித்தார். வாசகர் பலர் சினந்து அந்தச் சஞ்சிகையின் சந்தாவையே நிறுத்தினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1903இல், ஹோம்ஸை உயிரோடு திரும்ப அழைத்துவர வேண்டியதாயிற்று. நம் தமிழிலே கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதி முடித்தபோது, அந்தப் பாத்திரத்துக்கு என்ன நடந்தது, இந்தப் பாத்திரம் பிறகு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் விடாமல் கேட்டார்கள். அவர் முடிவுரை எழுதி அவர்களுக்கு விளக்கம் சொல்ல நேர்ந்தது. இவையெல்லாம் அன்பின் தொல்லைகள். எழுத்தாளனுக்குச் சலிப்பு வரலாம். ஆனால் கதவு திறந்தே இருந்தது. கல்கி முடிவுரையிலே "இதற்குமேல் இல்லை" என்று எழுந்து போகலாம்.

கதவு பூட்டப்படும் காலமும் வந்தது. எழுத்தாளர் பெருமாள்முருகன் 2010இல் 'மாதொருபாகன்' என்ற நாவலை வெளியிட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. திருச்செங்கோட்டிலே கடையடைப்பும் நடந்தது. அரசு அதிகாரிகள் முன்னிலையிலே பேச்சுவார்த்தை என்ற பெயரில் அவரிடம் வருத்தமும் உறுதிமொழியும் வாங்கப்பட்டன. 2015 ஜனவரியில், பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தீர்ப்பளித்த பிறகுதான் மீண்டும் வெளியிலே எழுத வந்தார். அவரை எதிர்த்தவர்கள் இரசிகர்கள் அல்லர் என்பது உண்மை. ஆனால் அவர்கள் உரிமை கோரிய விதம் ஜூலியின் விதமே. எங்கள் மனம் விரும்பும்படி எழுது. இல்லாவிட்டால் இந்த அறையை விட்டுப் போகமாட்டாய். ஜூலியிடம் இருந்தது ஒரு வீடு. அங்கே ஒரு ஊரே பூட்டாகியது.

இந்த இடத்திலே நேயர்களில் ஒருவர் என்னிடம் நியாயமாக ஒரு கேள்வி கேட்கலாம். கதையின் முடிவைப் பற்றிக் கேட்பதற்கு இரசிகனுக்கு உரிமையே இல்லையா? எழுதியவன் எழுதியதுதான் வேதவாக்கா?

அப்படி நான் சொல்லமாட்டேன். மட்டக்களப்புப் பிரதேசத்திலே பிறந்தவன் அப்படிச் சொல்லவே முடியாது. ஏனென்றால் நாங்கள் ஒரு பெரும் காப்பியத்தின் முடிவை மாற்றிக்கொண்டவர்கள்.

சிலப்பதிகாரத்திலே கண்ணகி மதுரையை எரிக்கிறாள். பின்னர் கணவனோடு வானுலகு செல்கிறாள். சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லெடுத்துக் கோயில் சமைக்கிறான். இளங்கோவடிகள் தந்த முடிவு அது. எங்கள் கிராமங்களுக்கு அது போதவில்லை. எரித்துவிட்டு வந்தவளின் நெஞ்சு இன்னும் கொதிக்குமே, அந்தக் கொதிப்பை யார் ஆற்றுவது என்று கேட்டார்கள். எங்கள் கண்ணகை அம்மன் கோயில்களிலே பாடப்படும் 'கண்ணகி வழக்குரை'யில் வழக்குரைத்த காதையோடு கதை முடிவதில்லை. குளிர்ச்சிக் காதை என்று ஒன்று வருகிறது. காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் இன்னும் பல ஊர்களிலும் வைகாசி மாதத்திலே குளிர்த்திச் சடங்கு நடக்கிறது. நீரை அள்ளி அள்ளி வார்த்துப் பாட்டுப் பாடி அம்மனைக் குளிர்விக்கிறார்கள். நள்ளிரவு கடந்தும் சனம் காத்து நிற்கும். சிறுவயதில் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நித்திரைத் தூக்கத்தோடு நின்ற நினைவு எங்களிலே பலருக்கு உண்டு.

இதுவும் இரசிகன் முடிவை மாற்றியதுதான். ஆனால் யாரும் இளங்கோவை அறையிலே பூட்டவில்லை. அவருடைய ஏட்டைக் கிழிக்கவில்லை. அவர் எழுதியது அவர் எழுதியபடியே இருக்கிறது. எங்களுக்கு வேண்டிய காதையை நாங்கள் பாடிச் சேர்த்துக்கொண்டோம். அதற்கு ஒரு பாட்டும், ஒரு சடங்கும், ஓர் ஊரின் உழைப்பும் தேவைப்பட்டன. ஜூலி அந்த உழைப்பைச் செய்யவில்லை. தனக்கு வேண்டிய கதையைத் தானே எழுதாமல், மற்றவனுடைய கையை முறுக்கி எழுதுவிக்கப் பார்த்தாள். அவளுடைய தனிமையும் அதிலே சேர்ந்திருக்கிறது. குளிர்த்திக்கு ஓர் ஊர் கூடி நிற்கிறது. ஜூலியோடு கூடி அழவோ சிரிக்கவோ ஒருவருமில்லை. ஒரு தொலைக்காட்சிப் பெட்டி மட்டுமே இருந்தது. அதற்குள்ளே வாழ்ந்த ஒருத்தியைத்தான் அவள் உறவாக எண்ணியிருந்தாள். அந்த உறவும் போய்விடும் என்று அஞ்சினாள். இதைப் புரிந்துகொள்ளும்போது பெத்தாவின் பெருமூச்சு எனக்கும் வந்துவிடுகிறது.

இனி அந்த மாமியின் கேள்விக்கு வருகிறேன். அதைத் தவிர்த்துவிட்டு இந்த உரையை முடித்தால் நேர்மையாகாது.

'மூடுபனி'யிலே கமெரா பெரும்பாலும் சந்துருவின் பக்கமே நிற்கிறது. அவனுடைய சிறுவயதைக் காட்டுகிறது. கிற்றாரோடு அவன் பாடும் பாட்டை, ஜேசுதாசின் குரலிலே, தமிழுலகம் இன்றும் நெஞ்சில் வைத்திருக்கிறது. கொல்லப்பட்ட பெண்களுக்கு அப்படி ஒரு சிறுவயது இல்லை, பாட்டும் இல்லை. அவர்கள் வருகிறார்கள், சாகிறார்கள். ரேகாவாக நடித்த ஷோபா படம் வெளிவருவதற்கு முன்பே, 1980 மே முதலாம் திகதி, 17 வயதில் காலமாகிவிட்டார். அதை அறிந்துகொண்டு இன்று அந்தப் படத்தைப் பார்க்கும்போது, பூட்டிய வீட்டுக்குள் அலையும் அந்தப் பெண்ணின் முகம் முன்னைவிட அதிகமாக நம்மை வருத்துகிறது.

23 ஆண்டுகள் கழித்து அதே இயக்குநர் அதே போன்ற ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். இம்முறை சிறைப்பட்டவன் ஆண். அதிலும் எழுத்தாளன். இம்முறை கமெரா சிறைப்பட்டவனின் கட்டிலருகே நின்றது. அவனுடைய வலி நமக்குத் தெரிந்தது, அவனுடைய அச்சம் நமக்குத் தொற்றியது. பாலு மகேந்திரா இதை எண்ணித்தான் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவனுக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. தன்னைப் போன்ற ஒரு கலைஞன் கட்டிலிலே கிடந்தபோதுதான் கலைக்குச் சிறைப்பட்டவரின் பக்கம் தெரிய வந்ததா? எழுத்தாளனுக்குப் பேச வாய் இருக்கிறது. அவனுடைய கதை நமக்கு வந்துசேர்ந்துவிடுகிறது. பெங்களூர்த் தெருவிலே காருக்குள் ஏறிய அந்தப் பெண்களின் கதையை எழுதுவது யார்?

இது பாலு மகேந்திராவைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல. 'வீடு' என்ற படத்திலே ஒரு சாதாரண உத்தியோகப் பெண்ணின் சுமையையும், 'சந்தியாராக'த்திலே ஒரு முதியவரின் மனத்தையும் அவரைப் போல அன்போடு பார்த்தவர் குறைவு. அத்தகைய கலைஞனிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதே என் கருத்து. கேட்பது இரசிகனின் உரிமை. பூட்டுவதுதான் உரிமையல்ல.

எனவே நேயர்களே, அடுத்த முறை ஒரு திகிற்படத்தைப் பார்க்கும்போதோ ஒரு துன்பியல் நாவலைப் படிக்கும்போதோ, கொன்றவனுக்காக ஒரு பெருமூச்சு விடுங்கள், தவறில்லை. கூடவே இறந்தவர்களின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா என்றும் பாருங்கள். நினைவில்லையென்றால் அது நமது மறதியாக மட்டும் இருக்காது. கதை சொன்னவர் அவர்களுக்குப் பெயரே வைக்காமலும் விட்டிருக்கலாம். அந்தக் குறை உங்களை உறுத்தினால், எழுதியவரைப் போய் நெருக்காதீர்கள். பேனாவை எடுங்கள். விடுபட்டுப்போன காதையை நீங்கள் எழுதுங்கள்.

எங்கள் ஊர் முற்றத்திலே அன்று கேட்ட கேள்விக்குப் பெத்தா பதில் சொல்லவில்லை என்றேன். உண்மையில் கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒன்று செய்தார். சுருட்டிய பாயைக் கீழே வைத்துவிட்டு மாமியின் பக்கத்திலே போய் இருந்துகொண்டார். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்க விடாமல் என்னைப் படுக்கப் போகச் சொல்லிவிட்டார்கள்.